எடின்பரோவில் ராகு காலம்

நவம்பர் 3, திங்கள்

இது அடுத்த வருஷத்து டைரி. அட்டையில் ஏதோ ஒரு சிமெண்ட் கடையின் பெயர் தலைகீழாக விழுந்துவிட்டதால் பிரஸ்ஸில் கழித்துப் போட்டார்கள். நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் என்பதால் கிழமையெல்லாம் ஒரு நாள் தள்ளி நிற்கிறது. இன்று திங்கள், டைரி செவ்வாய் என்கிறது. அடித்து எழுதிக்கொள்கிறேன்.

பெயர் முத்துக்கனி. வயது பதினேழு. ஊர் சிவகாசி. வேலை, காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங். நாள்காட்டித் தாள் முந்நூற்று அறுபத்தைந்தும் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்து அடுக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். காரணம் வயிற்றுவலி.

நான் அதிகம் பேசமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவும் பேச்சியக்கா எல்லாரிடமும் சொல்வாள், "இவ வாய்க்கும் சேத்து பைண்டிங் போட்டுட்டாக." நான் சிரிப்பேன். உள்ளுக்குள் பதிலுக்கு நாலு சொல்வேன். அதையெல்லாம் இனிமேல் இதில் எழுதலாம் என்று இருக்கிறேன்.

இன்று எங்களுக்கு விசா வந்தது. எடின்பரோவுக்கு. அம்மாவுக்கும் எனக்கும்.

நவம்பர் 5, புதன்

எடின்பரோ ஸ்காட்லாந்தில் இருக்கிறது. அங்கே என் அக்கா அனுசூயா நர்ஸ். டிசம்பர் இருபத்தெட்டு என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். பிள்ளைப்பேறு பார்க்க அம்மா போக வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் துணைக்கு, வாயே திறக்காத என்னை அனுப்புகிறார்கள். இப்படி யோசிப்பதற்கு எங்கள் வீட்டில் மட்டும்தான் ஆள் உண்டு.

அக்கா புருஷன் பெயர் ஆங்கஸ். அந்த ஊரில் டிராம் ஓட்டுகிறார். வீடியோவில் என்னிடம் ஏதோ நிறையப் பேசினார். முடிந்ததும் அக்காவிடம் கேட்டேன், "அது இங்கிலீஷா?" அக்கா சொன்னாள், "எனக்கே ஆறு மாசம் ஆச்சுடி."

அப்பா அந்த நேரத்தில் முற்றத்துக்குப் போய் மோட்டார் ரிப்பேர் பார்ப்பார். எங்கள் வீட்டு மோட்டாரில் ஒரு பழுதும் கிடையாது.

நவம்பர் 8, சனி

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். பெயர் தங்கப்பழம். அதே பிரஸ்ஸில் முப்பது வருஷமாகப் பஞ்சாங்கப் பகுதிக்குப் புரூஃப் பார்க்கிறார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்கும் ராகு காலமும் சூலமும் அப்பாவின் சிவப்புப் பேனா தாண்டித்தான் போகின்றன. ராகு காலத்தில் அவர் வாசற்படி தாண்டி நான் பார்த்ததில்லை. ஒருமுறை பக்கத்து வீட்டில் தீப்பிடித்தபோதுகூடப் படிக்கு உள்ளே நின்றுதான் வாளியை நீட்டினார்.

அக்காவோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. வெள்ளைக்காரரைக் கட்டியதற்காக இல்லை. ஊரெல்லாம் அப்படித்தான் நினைக்கிறது. அப்பாவின் வழக்கு வேறு.

"எவனையும் கட்டட்டும். ஆடிச் செவ்வாயில, மூணே கால் மணிக்குக் கட்டுவாளா? மூணுல இருந்து நாலரை ராகு காலம்னு புரூஃப் பாத்தவன் மக கட்டுவாளா?"

அக்காவுக்கு அன்றைக்குத்தான் லீவு கிடைத்ததாம். அவள் போனில் அழுதாள். அப்பா மோட்டார் ரிப்பேர் பார்த்தார்.

நவம்பர் 10, திங்கள்

அம்மா குளிருக்குப் பயிற்சி எடுக்கிறாள். பிரஸ்ஸில் அச்சுக்குப் பிளேட் தயாரிக்கிற அறைக்கு மட்டும் ஏசி உண்டு. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, அப்பாவின் காலுறை எல்லாம் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் அந்த அறையில் நிற்கிறாள். வெளியே முப்பத்து நாலு டிகிரி. பேச்சியக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "ஏ கனி, உங்கம்மா சீதோஷ்ணம் பழகுறாகளா, இல்ல பேங்க்ல கொள்ளையடிக்கப் போறாகளா?" என்றாள்.

நவம்பர் 12, புதன்

எடின்பரோவில் என்னென்ன பார்க்கலாம் என்று போனில் தேடி எழுதி வைத்தேன். ஊர் நடுவில் பெரிய பாறை, பாறைமேல் கோட்டை. படத்தைப் பார்த்த அம்மா, "நம்ம திருச்சி மலைக்கோட்டையில்ல. உச்சியில பிள்ளையார் உண்டா?" என்றாள். பிள்ளையார் இல்லை, பீரங்கி உண்டு என்றேன். மதியம் ஒரு மணிக்கு ஒருதடவை சுடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "தினமும் வெடிச் சத்தம் கேக்கும்ல. அப்ப அவளுக்கு நம்ம ஊரு மாதிரிதான் இருக்கும்."

ஒரு நாய்க்குச் சிலை இருக்கிறது. எல்லாரும் மூக்கைத் தடவி மூக்கு மட்டும் பளபளவென்று ஆகிவிட்டதாம். குளிர்காலத்தில் காலை எட்டரைக்குத்தான் விடியும். மூன்றே முக்காலுக்குள் இருட்டிவிடும்.

இதை அம்மாவிடம் சொல்லும்போது அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பேப்பர் கீழே இறங்கியது.

"எட்டரைன்னா, எட்டு எத்தனை? சரியாச் சொல்லு. சும்மா, பொது அறிவுக்கு."

எட்டு முப்பத்து நாலு என்றேன். பேப்பர் மேலே ஏறியது.

நவம்பர் 13, வியாழன்

ராகு காலம் என்பது விடிந்ததிலிருந்து அடைவது வரை உள்ள பொழுதில் எட்டில் ஒரு பங்கு. இங்கே பன்னிரண்டு மணி நேரப் பொழுது, அதனால் ஒன்றரை மணி நேரம். இன்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார், "டிசம்பர்ல அந்த ஊர்ல ராகு காலம் ஐம்பத்து மூணே நிமிசம்தான். நல்ல ஊருதான்."

இரண்டு வருஷத்தில் அந்த ஊரைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

நவம்பர் 14, வெள்ளி

பயண நாள் குறித்தாயிற்று. மார்கழி பிறக்குமுன் கிளம்ப வேண்டும். எடின்பரோ மேற்கே. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், ஆகாது. அப்பா சொன்னார்:

"பதினொண்ணாந்தேதி, வியாழக்கிழமை. பகல்ல மெட்ராஸுக்குக் காரு. ராத்திரி சாப்பிட்டு ஏர்போர்ட் போய் உக்காந்தா, விடியுறதுக்கு முன்னால மூணே முக்காலுக்கு ஒரு பிளைட் இருக்காம். அருமையான நேரம்."

"அது வெள்ளியாயிருமேங்க?" என்றாள் அம்மா.

"எப்படி ஆகும்? சூரியன் உதிச்சாத்தான் வெள்ளி. அதுவரைக்கும் வியாழந்தான். இது கூடத் தெரியாம எங்கூட இருபத்தெட்டு வருசம் இருந்திருக்க."

நான் ஒரு துண்டுத் தாளில் எழுதினேன்: வியாழன், 11, விடிகாலை 3.45. பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஞானராஜ் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். பேச வேண்டியிருக்கவில்லை, தாளை நீட்டினால் போதும். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சீட்டு ரெண்டுதாம்மா கெடக்கு. இதை விட்டா கிறிஸ்துமஸ் கூட்டம், சனவரிதான்" என்றார்.

நவம்பர் 17, திங்கள்

அக்கா கூப்பிட்டாள். கால் வீங்கியிருக்கிறது. ஆங்கஸ் ஷிப்டுக்குப் போனால் நாள் முழுக்கத் தனியாக இருக்கிறாள். "அம்மா வந்துட்டா எனக்கு ஒண்ணும் வேண்டாம்டி" என்றாள். பிறகு என்னிடம், "அங்க எறங்கினதும் ஒரு ஆபீசர் கேள்வி கேப்பாங்க. எதுக்கு வந்தீங்க, எங்க தங்குவீங்க, எப்பத் திரும்புவீங்கன்னு. நீதான் அம்மாவுக்கும் சேத்துப் பேசணும். சரியாச் சொல்லலேன்னா திருப்பிக்கூட அனுப்புவாங்க. பயப்படாத."

பயப்படாதே என்பதை அவள் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இன்று ஜூலை மாதத்தாளை நாற்பது கட்டில் தலைகீழாக அடுக்கிவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

டிக்கெட் வந்தது. இரண்டு தாள். நல்ல வழவழப்பு. பெயர் எல்லாம் சரி. தேதி பதினொன்று, நேரம் 3.45. நான் எழுதிக் கொடுத்த மாதிரியே.

அப்பா தொடவில்லை. "அவகிட்டப் போற காகிதத்தை நான் தொடமாட்டேன். எல்லாம் சரியா இருக்கா, கனி?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று நினைவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

பொது அறிவு: விமானக் கம்பெனிக்கு நாள் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பிறக்கிறது. சூரியனைக் கேட்பதில்லை.

அவ்வளவுதான். சும்மா எழுதி வைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

அக்கா டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் அனுப்பினேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் வந்துவிடுவோம் என்று அம்மா அவளிடம் சொன்னாள். ஆங்கஸ் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறாராம்.

அம்மா பெட்டி கட்டுகிறாள். சுக்கு, வசம்பு, கருப்பட்டி நாலு கிலோ, பிரசவ லேகியம், பூண்டு. அம்மியையும் வைக்கப் பார்த்தாள். அக்கா வீடியோவில் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு குழவியை மட்டும் வைத்தாள். அதை இரவில் நான் வெளியே எடுத்தேன். காலையில் பெட்டிக்குள் இருந்தது.

நவம்பர் 29, சனி

அப்பாவின் புரூஃப் கட்டை அச்சுக்குக் கொண்டுபோகும்போது உள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. சிவப்புப் பேனா எழுத்து. மேலே அக்காவின் கல்யாணத் தேதி. அதற்குக் கீழே அந்த ஊரில் அன்றைய உதயம், அஸ்தமனம். கோடைகாலம், ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம். பொழுதை எட்டால் வகுத்திருந்தார். செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. அதைக் கூட்டி, அடித்து, மறுபடி கூட்டி, கடைசியில் கட்டம் போட்டிருந்தார்: ராகு காலம் மாலை ஐந்தரைக்கு மேல்.

அக்கா தாலி கட்டியது, அதாவது கையெழுத்துப் போட்டது, மூன்றே காலுக்கு.

கட்டத்துக்குப் பக்கத்தில் அப்பா புரூஃபில் பிழை இல்லாத பக்கத்துக்குப் போடுகிற குறியைப் போட்டிருந்தார்.

சீட்டை இருந்த இடத்திலேயே செருகினேன். இதை அவர் அக்காவிடம் சொல்லப் போவதில்லை. இந்த வீட்டில் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரிந்துவிட்டது.

டிசம்பர் 3, புதன்

வயிற்றுவலி.

டிசம்பர் 6, சனி

அம்மா, பேச்சியக்கா, ஞானராஜ் அண்ணாச்சி மூன்று பேரும் தனித்தனியாக, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் தலையாட்டினேன்.

சரி, எழுதிவிடுகிறேன். வயிற்றுவலி என்று ஒன்று கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்கவில்லை. மூன்று நிமிடம் நின்றேன். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் வயிற்றுவலி.

விமானம் போய்விட்டால் யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்ல மாட்டார்கள். குற்றம் ராகு மேல் போகும். இல்லாவிட்டால் டிராவல்ஸ் மேல். தேதி தள்ளி நிற்பது எனக்குப் பழக்கம்தான். இந்த டைரியே அப்படி.

டிசம்பர் 9, செவ்வாய்

அம்மா இன்று சின்னச் சின்னத் துணிகளைத் துவைத்து மடித்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் குழந்தையில் போட்ட சட்டைகள். இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டே மடித்தாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

டிசம்பர் 10, புதன். சூலம் வடக்கு. ராகு காலம் 12 முதல் 1.30 வரை

காரில் எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

பதினொன்றரை இருக்கும். அம்மா சாப்பாட்டோடு வந்தாள், ஏசி அறைக்குப் போகவில்லை. "இனிப் பயிற்சி போதும்டி. நாளைக்குத்தான் கெளம்புறோம்ல" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அடுக்கிய தாளை அப்படியே வைத்தேன். எழுந்து அச்சு மெஷின் பக்கம் போனேன். அப்பா மெஷினுக்கு அந்தப் பக்கம் மார்ச் மாதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"அப்பா! பிளைட்டு இன்னைக்கு ராத்திரி!"

சரியாக அந்த நொடியில் மெஷின் நின்றது. தாள் மாட்டிக்கொண்டதாம். முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு நிறுத்த முடியவில்லை. விமானக் கம்பெனிக்குப் பன்னிரண்டு மணிக்கே வியாழன் பிறந்துவிடும், நீங்கள் சொன்ன மூன்றே முக்கால் வேறு, நான் எழுதியது வேறு, டிக்கெட்டில் இருக்கிற விமானம் நாளை விடியுமுன்னே போய்விடும், எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். பேச்சியக்கா பசைத் தூரிகையை வாய்வரை கொண்டுபோய்விட்டாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"டிக்கெட் வந்தன்னைக்கே. இருபத்தோரு நாளா."

அவர் என்னைப் பார்த்த மாதிரி யாரும் என்னை அதுவரை பார்த்ததில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மார்ச் மாதத்தைக் கீழே வைத்தார். "அம்மாவக் கூட்டிட்டு வீட்டுக்கு ஓடு. நான் காருக்குச் சொல்லிட்டு வாரேன்."

வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பூட்டி, கார் வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டு நாற்பது. நட்ட நடு ராகு காலம். மெட்ராஸ் வடக்கே, இன்று சூலமும் வடக்கே. அம்மா படிக்கு உள்ளேயே நின்றுவிட்டாள். வழியனுப்ப வந்த பேச்சியக்காவும் கேட்டாள், "அண்ணாச்சி, ராகு காலம்…"

"ராகுவ நான் பாத்துக்கிறேன்" என்றார் அப்பா. "முப்பது வருசமா அவனுக்குப் புரூஃப் பாக்கேன். ஒரு நாளு எனக்காகப் பொறுக்க மாட்டானா?"

வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால். ஒரு டம்ளர் பாலை அம்மா கையில் திணித்தார். அம்மா அழுதுகொண்டே குடித்தாள், பால் மீசை வந்தது. பிறகு அப்பா படியைத் தாண்டினார். தாண்டி, பெட்டியைத் தூக்கி, டிக்கியில் வைத்தார். தெருவே பார்த்தது.

என்னிடம் ஜன்னல் வழியாகக் குனிந்து, "வாயத் தொறக்க இருபத்தோரு நாளா?" என்றார். "போ. அங்க போய் சீக்கிரம் தொற." கொஞ்சம் யோசித்து, "அவகிட்டச் சொல்லு…" என்று ஆரம்பித்தார். பிறகு காரைத் தட்டிவிட்டார்.

"நீங்களே சொல்லுங்கப்பா" என்றேன். இன்றைக்கு நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

திருச்சி தாண்டும்போது அம்மா மலைக்கோட்டையைக் காட்டி, "இதே மாதிரிதான?" என்றாள். அவள் இன்னும் என்னிடம் கோபமாகத்தான் இருக்கிறாள். ஒரு கருப்பட்டியில் பாதியை உடைத்து எனக்குக் கொடுத்தாள்.

டிசம்பர் 11, வியாழன்

எடின்பரோ.

ஆபீசர் ஒரு பெரிய அம்மாள். சிவப்பு முடி. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். மூன்று வாரமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. பின்னால் வரிசை. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நிமிடம் ஆகிவிடுமோ என்று நினைத்தேன். ஆகவில்லை.

"அக்காவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது" என்றேன். "அம்மா சமைப்பாள். நான் பேசுவேன்."

அவர் முத்திரை குத்தினார்.

காரிலிருந்தே அக்காவுக்குப் போனில் சொல்லியிருந்தோம். ஒரு நாள் முன்னால் வந்துவிட்டதால் ஆங்கஸுக்கு லீவு இல்லை. டிராம் விமான நிலையம் வரை வரும். அவர் ஷிப்டில் அந்த டிராமையே ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கி அம்மாவுக்கு இரண்டு கையாலும் வணக்கம் சொன்னார். மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துப் பார்த்திருக்கிறேன். மாமியாரை அறுபது பயணிகளோடு மாப்பிள்ளை அழைத்துப் போவது இதுதான் முதல் தடவை. கோட்டை தெரிந்தது. பீரங்கி சுட்டு முடித்துவிட்டார்களாம். மூன்றே முக்காலுக்கு இருட்டிவிட்டது. குளிரைப் பற்றி எழுத வார்த்தை இல்லை. பிளேட் அறையெல்லாம் இதற்கு முன் சித்திரை வெயில்.

அக்கா அம்மாவைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டிசம்பர் 12, வெள்ளி

தேதிக்குப் பதினாறு நாள் முன்னால். காலை ஐந்துக்கு வலி. நாங்கள்தான் வந்துவிட்டோமே என்று இன்றைய லீவை விட்டுக்கொடுத்து ஆங்கஸ் அதிகாலை ஷிப்டுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பேசியது நான். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வலி என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது பாதி புரியவில்லை. "மெதுவாகச் சொல்லுங்கள், நான் சிவகாசி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. மெதுவாகச் சொன்னார்கள்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. அம்மாதான் முதலில் வாங்கினாள். நாங்கள் வியாழன் ராத்திரி ஏறியிருந்தால் அந்த நேரத்தில் ஆகாயத்தில் இருந்திருப்போம். இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அம்மா தப்பிக்க விடவும் இல்லை.

அப்பாவுக்கு வீடியோ போட்டேன். அங்கே மதியம். பின்னால் பைண்டிங் முழுக்கக் கூடி நின்றது. குழந்தையைக் காட்டினேன். பிறகு போனை அக்கா பக்கம் திருப்பினேன். கையை எடுக்கவில்லை. அங்கே மோட்டார் எதுவும் இல்லை, எழுந்து போக.

அப்பா தொண்டையைச் செருமினார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு.

"அனுசூயா. அங்க விடிஞ்சிருச்சா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இன்னும் இல்லப்பா."

"அப்ப வியாழந்தான்" என்றார். "நல்ல நாளு. ஒங்க கல்யாணமும் நல்ல நேரந்தாம்மா. நான்தான் நம்ம ஊரு கணக்குலயே பாத்துட்டேன்."

அக்கா அழுதாள். பேச்சியக்கா அழுதாள். ஆங்கஸ் மூச்சிரைக்க வந்து நின்று, அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். இன்னும் வியாழக்கிழமைதான் என்கிறார் என்றேன். ஆங்கஸ் தன் போனைப் பார்த்தார், இருட்டு ஜன்னலைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

ஆஸ்பத்திரித் தாளில் வெள்ளி. அப்பாவுக்கு வியாழன். இந்த டைரியில் சனி. இன்று எதையும் அடித்து எழுதவில்லை.